செய்யாமை ஒரு காரணமாகுமா?

ஒரு காரியத்தைச் செய்வதனால் கண்ணுக்குப் புலனாகும் நன்மை யாதொன்றும் விளையாமல், அதனைச் செய்யாது விட்டால் மட்டும் பெருங்கேடு வந்து சேரும் என்று முன்னோர் எச்சரிப்பாராயின், அக்காரியத்தில் மனிதன் எதனைக் கருதிப் பிரவேசிக்க வேண்டும் என்னும் வினா, நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்களில் பல நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வந்த ஒன்றாகும். சந்தியாவந்தனமும் அக்கினிஹோத்திரமும் அவ்விவாதத்தில் வழிவழியாக வரும் உதாரணங்கள். அவற்றை முன்வைத்து இன்று பேசத் தொடங்கினால், கேட்போர் உடனே ஆஸ்திகர் என்றும் அல்லாதார் என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, வினாவைக் கைவிட்டு ஒருவர்மீது ஒருவர் பாயத் தலைப்படுவர். ஆதலால், எந்த மதத்தாரும் மனம் நோகாமல் கேட்கக்கூடியதும், எந்தப் பக்ஷத்தார்க்கும் முன்கூட்டியே சாதகம் செய்யாததுமான ஓர் உதாரணத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும்படி அமைந்த ஜீப் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, அதன் பல்சக்கரப் பெட்டிகளில் கிடக்கும் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய எண்ணெயை ஊற்றுவதாகிய வேலையே அது.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் விடியற்காலையில் தெருவுக்கு வருகிறவர்கள், ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு மலை கடந்து இடுக்கிப் பக்கம் போகும் ஜீப்புகளைக் காணாமல் இருக்க முடியாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, பாதை என்னும் பெயருக்கு உரிமை கொண்டாடும் கற்குவியல்களின்மீது ஏறிச் செல்வனவும் இந்த இனத்து வண்டிகளே. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941-இல், அமெரிக்க இராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனியார் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய ஜீப்பின் வமிசத்தில் வந்தவை இவை. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி மஹிந்திரா கம்பெனியார் அவ்வண்டியைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். எஞ்சினில் பிறக்கும் விசை முதலில் கியர் பெட்டிக்குள் செல்கிறது. அங்கிருந்து, அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் மற்றொரு பெட்டியை அடைந்து, முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக இரு கிளையாகப் பிரிந்து, நீண்ட சுழல்தண்டுகளின் வழியே ஓடி, முன் அச்சிலும் பின் அச்சிலும் புடைத்துத் தோன்றும் இரும்புக் குடங்களுக்குள் புகுகிறது. அக்குடத்தைப் பட்டறைக்காரர்கள் ஹவுசிங் என்றும், உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தைக் கிரவுன் என்றும், அதனைச் சுழற்றும் சிறிய சக்கரத்தைப் பினியன் என்றும் வழங்குவர். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்னும் ஏற்பாடும் அக்குடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆக, கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங் என்னும் நான்கு இடங்களில் எண்ணெய் குடியிருக்கிறது. எஞ்சின் எண்ணெயைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இந்த நான்கினையும் பற்றி வண்டி வைத்திருப்பவர்களிலேயே பலர் நினைப்பதில்லை.

நினைக்காமல் இருப்பதற்கு நியாயமும் உண்டு. இவ்வேலையைச் செய்து முடித்தவனுக்குக் கைமேல் பலன் ஒன்றும் இல்லை. பிரேக்கைச் சரிசெய்தால் வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது. முகப்பு விளக்கைப் பழுதுபார்த்தால் அன்றிரவே வெளிச்சம் தெரிகிறது. ஹவுசிங் எண்ணெயை மாற்றியவனோ, கந்தக நாற்றம் வீசும் கறுப்புக் குழம்பை முழங்கைவரை பூசிக்கொண்டு, பனியன் வேஸ்டால் எத்தனை முறை துடைத்தும் நகக்கண்ணை விட்டகலாத அழுக்கோடு வெளியே வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தால், அது நேற்று ஓடியபடியே இன்றும் ஓடுகிறது. மாற்றாமல் இருந்திருந்தாலும் இன்று அப்படித்தான் ஓடியிருக்கும், நாளையும் ஓடியிருக்கும். என்றோ ஒரு நாள், ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு மலையேறும் வேளையில், கிரவுனின் பற்கள் ஓலமிட்டு உதிர்ந்திருக்கும். அந்த நாள் வராதிருப்பதே அவன் பெற்ற பலன். வராத ஒன்றை எவன் தன் கணக்கில் வரவு வைக்க முடியும்?

வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்ஸகர்கள் கருமங்களை வகுத்த முறை, வண்டிக்கு அடியில் கிடப்பவனுக்கு வியக்கத்தக்க அளவு பொருந்தி வருகிறது. காலந்தோறும் தவறாது செய்யவேண்டியது நித்தியம். ஒரு நிமித்தம் நேர்ந்தபோது செய்யவேண்டியது நைமித்திகம். ஒரு பயனை விரும்பிச் செய்வது காம்யம். செய்யவே தகாதது நிஷித்தம். இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுக என்று வண்டியின் கைப்புத்தகம் விதிப்பது நித்தியம். அச்சு மூழ்கும்படி ஓடையைக் கடந்தபின் எண்ணெயைத் திறந்து பார்ப்பது நைமித்திகம். மலைச்சாலையில் ஓடிச் சூடேறிய ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது அதனுள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அக்காற்றுக்கு வழிவிட மேலே வைத்திருக்கும் சிறு மூச்சுக்குழல் சேற்றால் அடைபட்டிருந்தால், சுருங்கிய காற்றின் இடத்தை நிரப்ப ஆயில் சீலின் ஓரமாக நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. பிறகு திறந்து பார்த்தால் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருக்கும். நிமித்தம் இதைவிடத் தெளிவாக வந்து கதவைத் தட்டாது. இனி, விளம்பரத்தைக் கண்டு, டீசல் மிச்சமாகும் என்னும் ஆசையால், விலையுயர்ந்த செயற்கை எண்ணெயை வாங்கி ஊற்றுவது காம்யம். அதனை நான் குறைகூற வரவில்லை. சுவர்க்கத்தை விரும்பி வேள்வி செய்தவர்களையும் சாஸ்திரம் தடுத்ததில்லை.

நிஷித்தங்கள் இங்கே சுவையானவை. ஹவுசிங்கில் பினியனின் அச்சு கிரவுனின் மையத்துக்கு நேராக அமையாமல் சற்று விலகி அமைந்திருப்பதால், பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருளுவதோடு நில்லாது உரசியும் வழுக்குகின்றன. அந்த உரசலின் அழுத்தத்தில் சாதாரண எண்ணெயின் படலம் கிழிந்துவிடும். ஆதலால் கந்தகமும் பாஸ்பரமும் சேர்ந்த மருந்துச் சரக்குகளை அதில் கலக்கிறார்கள். அழுத்தமும் சூடும் மிகும் இடத்தில் அச்சரக்கு இரும்போடு கூடி ஒரு மெல்லிய தோலாகப் படிந்து, பல் தேயவேண்டிய இடத்தில் தான் தேய்ந்து, பல்லைக் காக்கிறது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வகுப்பில் ஜி.எல்.-5 என்னும் எண்ணெயில் இச்சரக்கு மிகுதி, ஜி.எல்.-4-இல் ஏறக்குறையப் பாதி. கிரவுனுக்கு உயிர்காக்கும் இதே சரக்கு, கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கும் வண்டிகளில் அப்பித்தளையை அரிக்கக் கூடும். ஆகவே, ஜி.எல்.-4 ஊற்றும்படி கைப்புத்தகம் கூறும் கியர் பெட்டியில், ‘உயர்ந்த ரகம்’ என்று எண்ணி ஜி.எல்.-5 ஊற்றுவது தவறு. ஒருவனுக்குத் தருமமாவது மற்றொருவனுக்கு அதருமமாகும் என்னும் சுவதரும விசாரணைக்கு இதைக்காட்டிலும் ஸ்தூலமான சாட்சி கிடைப்பது அரிது. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையை இட்டு ஓட்டுவது மற்றொரு நிஷித்தம். பழைய ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேக வேற்றுமையைச் சமன் செய்ய ஏற்பாடு இல்லாததால், திரும்புந்தோறும் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். சேற்றிலும் சரளையிலும் சக்கரம் சறுக்கி அம்முறுக்கைக் கழித்துவிடும், தார்ச்சாலை கழிக்க விடாது.

நிஷித்தத்தைச் செய்தால் கேடு வருவது எல்லார்க்கும் உடன்பாடு. அங்கே செயல் இருக்கிறது, கேடு அதன் விளைவு. சிக்கல் எழுவது நித்தியத்தில். திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில், தகாததைச் செய்வதாலும் தக்கதைச் செய்யாமையாலும் ஆகிய இரண்டினாலும் கேடு வரும் என்று ஒருசேரக் கூறிப் போகிறார். அரசனுக்கும் அமைச்சனுக்கும் எச்சரிக்கையே அவ்விடத்தில் போதுமாதலின், செய்யாமை எவ்வழியில் கேட்டை விளைவிக்கும் என்று ஆராய்வது அவர் நோக்கமன்று. அந்த ஆராய்ச்சியில் இறங்கியவர்கள் மீமாம்ஸகர்களும் வேதாந்திகளும்.

பயன் ஒன்றையும் கருதாமல் மந்தபுத்தியுள்ளவனும் ஒரு காரியத்தில் இறங்கமாட்டான் என்பது மீமாம்ஸகராகிய குமாரிலபட்டரின் கொள்கை. ஆயின் நித்திய கருமத்துக்கு என்ன பயன்? மோட்சத்தை நாடுபவன் காம்யத்தையும் நிஷித்தத்தையும் விட்டுவிட்டு, பிரத்தியவாயம் என்னும் கேட்டைத் தவிர்க்கும் பொருட்டு நித்திய நைமித்திகங்களை மட்டும் செய்துவரவேண்டும் என்பது அவர் காட்டும் வழி. கேடு வராமையே பயன். மற்றொரு மீமாம்ஸகராகிய பிரபாகரர் இதனை ஒப்பவில்லை. வேதம் செய்க என்று ஏவியது, அந்த ஏவலை உணர்ந்தவன் செய்கிறான், அதற்குமேல் பயன் என்று ஒன்றைத் தேடுவது நித்தியத்தைக் காம்யமாக்கிவிடும் என்பது அவர் கட்சி. ஜீப் உலகிலும் இவ்விரு கட்சியாரும் உண்டு. பற்சக்கரம் உடையும் என்று அஞ்சி எண்ணெயை மாற்றுகிறவர் குமாரிலபட்டரைப் பின்பற்றும் பாட்டமதத்தினர். கைப்புத்தகத்தில் போட்டிருக்கிறது, ஆகவே மாற்றுகிறேன், ஏன் என்று என்னைக் கேட்காதீர் என்பவர் பிரபாகரரின் மதத்தினர். பின்னவரின் வண்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைப்புத்தகம் மாறியவுடன் அவர் திகைத்துப் போவார். இப்போது சில உற்பத்தியாளர்கள், எங்கள் பெட்டியில் ஊற்றிய எண்ணெய் வண்டியின் ஆயுள் முழுவதற்கும் போதும், மாற்றவே வேண்டாம் என்று எழுதிவிடுகிறார்கள். ஏவலுக்காகச் செய்தவருக்கு ஏவல் இல்லாதபோது கடமையும் இல்லையாகிவிடுகிறது. பெட்டிக்குள் உரசும் இரும்புக்கு இந்தச் செய்தி எட்டியதாகத் தெரியவில்லை.

பாட்டமதத்தின் அடிப்படையை அசைத்தவர் சங்கரர். பகவத்கீதையின் நான்காம் அத்தியாயத்து உரையிலும் தைத்திரீய உபநிஷத்தின் உரையிலும் அவர் எழுப்பும் ஆக்ஷேபம் எளிமையானது, ஆனால் கடுமையானது. செய்யாமை என்பது ஒரு பொருளன்று, ஓர் இன்மை. கேடு என்பதோ உள்பொருள். இன்மையிலிருந்து உள்பொருள் எவ்வாறு பிறக்கும்? இல்லாததிலிருந்து உள்ளது தோன்றாது என்று சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் சுவேதகேதுவுக்கு உபதேசித்த நியாயத்தையே சங்கரர் இங்கே கருமத்தின்மீது திருப்புகிறார். அப்படியானால் நித்திய கருமத்தை விட்டவனுக்கு வரும் கேடு எங்கிருந்து வருகிறது? அவன் முன்பு செய்து சேர்த்துவைத்த தீவினையிலிருந்தே வருகிறது; நித்தியத்தைச் செய்யாமை அத்தீவினைக்குக் காரணமன்று, அது இருக்கிறது என்பதற்கு அடையாளம் மட்டுமே என்பது அவர் சமாதானம்.

நையாயிகர்கள் இந்த இடத்தில் குறுக்கே வருவார்கள். அவர்கள் அபாவம் என்னும் இன்மையை ஒரு பதார்த்தமாகவே ஒப்புக்கொண்டவர்கள். அபாவமும் காரணமாகலாம் என்று வாதிட்டவர்கள். சந்திரகாந்தக் கல்லை அருகில் வைத்தால் நெருப்புச் சுடாது என்பது அக்காலத்தார் நம்பிக்கை. ஆகவே, நெருப்புச் சுடுவதற்கு அக்கல்லின் இன்மையையும் ஒரு காரணமாகக் கொள்ளவேண்டும் என்றனர். இதை நம் பெட்டிக்குக் கொண்டுவந்தால், இரும்பும் இரும்பும் உரசாதபடி தடுப்பது எண்ணெய்ப் படலம். ஆகவே பல் தேய்வதற்கு எண்ணெயின் இன்மை ஒரு காரணம் என்றாகும். எண்ணெய் முழுவதும் ஒழுகிப்போன பெட்டியைப் பற்றிய அளவில் இது முற்றிலும் உண்மை. ஆனால் நாம் பேசுவது அந்தப் பெட்டியைப் பற்றியன்று. எண்ணெய் மாற்றாத பெட்டியைத் திறந்து பாருங்கள். அது காலியாக இல்லை, வாய்மட்டும் நிறைந்திருக்கிறது.

எதனால் நிறைந்திருக்கிறது என்பதில்தான் விடை இருப்பதாக நான் நினைக்கிறேன். வடிகால் திருகாணியின் நுனியில் பல வண்டிகளில் ஒரு காந்தம் பொருத்தப்பட்டிருக்கும். அதனை வெளியே எடுத்தால் சாம்பல் நிறத்தில் மைபோன்ற குழம்பு அப்பியிருக்கும். அக்குழம்பு முழுவதும் இரும்பு. பற்கள் பல்லாயிரக்கணக்கான முறை ஒன்றையொன்று தொட்டுப் பிரிந்தபோது உதிர்ந்த அணுப்பிரமாணமான துகள்கள். மைபோல் நுண்மையாக இருந்தால் கவலையில்லை. விரலில் நெருடும் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் கியர் பெட்டி எண்ணெயில் மினுங்கினால் அது பித்தளையின் தேய்மானம். சூட்டினால் எண்ணெயே காற்றோடு கூடிப் புளித்திருக்கும். பல்லுக்குப் பதிலாகத் தேய்ந்த கந்தகச் சரக்கின் எச்சமும் கலந்திருக்கும். ஈரக்காற்றிலிருந்து படிந்த நீர்த்துளியும் இருக்கலாம். கேட்டை விளைவிப்பவை இவை. இவற்றில் இன்மை என்பது எங்கும் இல்லை. ஒவ்வொன்றும் எடை போட்டுக் காட்டக்கூடிய உள்பொருள். ஆகையால், சங்கரர் கூறியதே இந்தப் பெட்டியில் மெய்யாகிறது. மாற்றாமை பல்லைத் தின்னவில்லை. ஓட்டத்தால் முன்பே சேர்ந்தவை தின்றன.

அப்படியானால் கடமை தளர்ந்துவிட்டதா? செய்யாமை ஒரு காரணமில்லை என்றால், செய்யாதவன் குற்றமற்றவனா? சங்கரரின் வாதத்தைப் பாதியில் நிறுத்திக்கொள்ளும் சோம்பேறி வேதாந்திகள் இந்த முடிவுக்கே வருவார்கள். என் முடிவு நேர்மாறானது. கடமையின் வேரை இத்தனை காலம் செய்யாமையில் தேடியதே பிழை. அது செயலில் இருக்கிறது. வண்டியை ஓட்டியவன், ஓட்டிய ஒவ்வொரு கணத்திலும் சிறிது இரும்பை உதிர்த்தான். மலையேறித் தான் போகவேண்டிய இடம் போய்ச் சேர்ந்தான், பயனை அன்றே பெற்றுக்கொண்டான், உதிர்ந்ததை உள்ளே விட்டுவைத்தான். எண்ணெய் மாற்றுவது புதிதாகத் தொடங்கும் ஒரு கருமமன்று. அவன் முன்பே தொடங்கி, பயனையும் அனுபவித்துவிட்டு, முடிக்காமல் வைத்திருக்கும் ஓட்டம் என்னும் கருமத்தின் மீதிப் பகுதி. இதற்கு வேறு பயன் ஏன் இல்லை என்று கேட்பவன், பயனை முன்பணமாக வாங்கிச் செலவிட்டுவிட்டதை மறந்துவிட்டுக் கேட்கிறான்.

இந்த நோக்கு என் கற்பனையன்று. மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் இல்லறத்தானுக்கு ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரலும் உலக்கையும், நீர்க்குடம். இவற்றை ஆளாமல் எவனும் உண்டு வாழ முடியாது. ஆளும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் மடிகின்றன. அந்தத் தீங்கைத் துடைப்பதற்காகவே நாள்தோறும் பஞ்சமகாயக்ஞம் என்னும் ஐவகை வேள்வி விதிக்கப்பட்டது என்பது அந்நூலின் கூற்று. மனுவைப் பற்றிப் பிற விஷயங்களில் எனக்குள்ள மாறுபாடுகளை இங்கே சொல்ல இடமில்லை. இந்த ஒரு விஷயத்தில் அந்நூலார் நித்திய கருமத்தின் பிறப்பிடத்தை உள்ளபடி கண்டிருக்கிறார். நாள்தோறும் வாழ்வதனால் நாள்தோறும் ஒரு மிச்சம் சேர்கிறது. ஆதலால் நாள்தோறும் ஒரு கடன். சைவ சித்தாந்திகள் ஆணவத்தைச் செம்பில் களிம்புபோல உயிரோடு உடன்தோன்றியது என்பர். நான் சொல்லும் மிச்சம் அதுவன்று. தொழிற்படுவதனால் வளரும் கன்மத்தின் பக்கத்தது. வேறொரு செய்தியும் இங்கே நினைக்கத்தக்கது. புது வண்டியின் முதல் எண்ணெயில்தான் இரும்புப்பொடி மிகுதியாக இருக்கும்; இன்னும் ஒன்றோடொன்று பழகாத பற்கள் தம் மேடுபள்ளங்களை உதிர்த்துக்கொள்ளும் பருவம் அது. ஆகவேதான் முதல் மாற்றத்தைச் சீக்கிரமாகச் செய்யச் சொல்கிறார்கள். வண்டி புதியது, இதற்குள் அழுக்கேது என்பவன், சிறுபிராயத்தைக் களங்கமற்றதென்று நம்பும் கவிஞனைப் போல இனிமையானவன். பொடியோ காந்தத்தில் இருக்கிறது.

செய்யும் முறையைப் பற்றிச் சொல்லாமல் கடமையைப் பற்றி மட்டும் பேசுவது உபந்நியாசகர்களின் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தவேண்டும். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் எண்ணெயின் மட்டம் பொய் சொல்லும். முன்னதாகச் சில கிலோமீட்டர் ஓட்டி வந்தால் எண்ணெய் சூடேறி இளகி, அடியில் படிந்த மண்டியையும் கலக்கிக்கொண்டு இறங்கும். ஜீப் இயல்பாகவே உயரமானதால், பெரும்பாலும் தூக்காமலேயே அடியில் நுழைந்துவிடலாம். தூக்கவேண்டி வந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை வைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். இரும்புத் தாங்கிகளின்மீது இறக்கி, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். பழைய ஜீப்புகளில் கைப்பிரேக்கு சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னுக்குச் செல்லும் தண்டின்மீது இருக்கிறது. ஆகவே பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிய மாத்திரத்தில், டிஃபரன்ஷியல் தூக்கிய சக்கரத்தைத் தாராளமாகச் சுழலவிட, தரையிலுள்ள சக்கரமும் உருளத் தொடங்கும். கைப்பிரேக்கு இழுத்தபடியே இருக்க, வண்டி நகரும். இதனை அறியாமல் அடிபட்டவர்கள் உண்டு.

எல்லாவற்றிலும் மேலான விதி ஒன்றுண்டு. வடிக்கும் திருகாணியைத் தொடுவதற்கு முன், ஊற்றும் திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் துருவேறிக் கிடந்த அத்திருகாணி சில வேளைகளில் ஸ்பேனருக்கு இணங்காது. அதன் மூலை மழுங்கிவிட்டால் பின் யாருக்கும் இணங்காது. முதலில் வடித்துவிட்டு, பிறகு இதனைக் கழற்ற முடியாமற் போனால், வண்டி எண்ணெயற்ற பெட்டியோடு முற்றத்தில் அசையாமல் நிற்கும். துறப்பதற்கு முன் பெறும் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாத அவசரத் துறவிகளின் கதியும் இதுவே. ஞானம் வருவதற்கு முன்பே கருமத்தை விட்டவனைச் சாஸ்திரங்கள் மெச்சியதில்லை. வடிந்து சொட்டு நின்றபின், காந்தத்தைத் துடைத்து, செம்பு வாஷர் இருந்தால் புதிதாக மாற்றி, வடிகாலை மூடி, ஊற்றுவாயின் விளிம்பில் எண்ணெய் வந்து தானாக வழியும்வரை ஊற்றவேண்டும். பழைய ஜீப்பின் ஹவுசிங்குக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். வழிவது நின்றபின் மூடவேண்டும். நல்லதுதானே என்று மேலும் திணித்தால், மிகையான எண்ணெய் நுரைத்து, சூட்டில் விரிந்து, சீலைத் தாண்டி ஒழுகிப் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். மூச்சுக்குழலைச் சுத்தம் செய்வதற்கும் இதுவே சமயம்.

இவ்வளவையும் வீட்டில் தன் கையாலேயே செய்யவேண்டுமா, பட்டறையில் விடலாகாதா என்பது அடுத்த வினா. யாகத்தில் எஜமானன் தட்சிணை கொடுத்து ரித்விக்குகளாகிய புரோகிதர்களை அமர்த்துகிறான். அவர்கள் செய்ய, பலன் அவனைச் சேர்கிறது. இதில் மீமாம்ஸகர்களுக்கு ஆக்ஷேபமில்லை. சந்தியாவந்தனத்துக்கோ ஆள் வைக்க முடியாது. எண்ணெய் மாற்றம் எந்த வகையைச் சேர்ந்தது? பட்டறைக்காரருடைய கை என் கையைவிடப் பழகியது. கூலி கொடுத்து அவரிடம் விடுவதில் குற்றம் ஏதும் எனக்குத் தென்படவில்லை. முதுகு வளையாத வயதில் உள்ளவர்க்கு வேறு வழியும் இல்லை. ஆனால் வடிந்ததைப் பார்ப்பது மட்டும் உரியவனுடைய வேலை. அந்தக் கறுப்புக் குழம்பு அவன் எப்படி ஓட்டினான் என்பதற்குச் சாட்சி. அவன் பார்க்காவிட்டால் அந்தச் சாட்சியம் கேட்பாரற்றுப் போகும். பட்டறையில் விடுகிறவர்களும் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று, காந்தத்தை வாங்கி விரலால் தடவிப் பார்ப்பார்களாயின், கருமத்தில் பாதிக்குமேல் அவர்களே செய்தவராவர் என்பது என் துணிபு.

எஞ்சியிருப்பது ஒன்று, பெரும்பாலோர் தவறுவதும் அதிலேயே. வடித்த எண்ணெய் எங்கே போகிறது? மிச்சத்தைத் துடைப்பதே கடமை என்று இத்தனை நேரம் வாதாடிவிட்டு, துடைத்ததைச் சாக்கடையில் ஊற்றினால், கடன் தீரவில்லை, கடனாளி மாறினான். அவன் உதிர்த்த இரும்பும் கந்தகமும் மழைநீரோடு கால்வாய்க்கும் கிணற்றுக்கும் சென்று, ஜீப்பில் ஒருநாளும் ஏறியிராத ஒருவனுடைய குடத்தில் சேர்கின்றன. நீர்ப்பரப்பில் படரும் எண்ணெய்த் தோல் காற்று நீரில் கரையாதபடி மூடி, உள்ளிருக்கும் உயிர்களை மூச்சுத் திணற வைக்கிறது. மனு எண்ணிய ஐந்து கொலைக்களங்களோடு ஆறாவது ஒன்றை இவன் தன் பிராயச்சித்தத்தினாலேயே உண்டாக்கிக்கொள்கிறான். கரையான் வராது என்று வேலிக்கால்களில் பூசுவதும், புழுதி அடங்கும் என்று முற்றத்தில் தெளிப்பதும் இதே வழக்கின் மரியாதையான வடிவங்கள். மண் அதனை வேறு பெயரிட்டு ஏற்றுக்கொள்வதில்லை. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு; அதனை மீண்டும் சுத்திகரித்து எண்ணெயாக்கும் ஆலைகளும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு நடக்கின்றன.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடித்ததைப் புது எண்ணெய் வந்த டப்பாக்களிலேயே ஊற்றி, நீரும் டீசலும் பிரேக் ஆயிலும் கலவாமல் இறுக மூடி வையுங்கள். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து, அனுமதி பெற்ற ஆலைக்கு அனுப்புகிறவர் யார் என்று விசாரியுங்கள். அவரிடம் அதனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தபிறகு, எண்ணெய் மாற்றியாயிற்று என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.